மார்மன் நண்பரிடம் சுவிசேஷம் பேசுவது எப்படி?

மார்மன் ஒருவரிடம் முதல்முறை விசுவாசத்தைப் பற்றிப் பேச உட்காருகிறவர் அரைமணி நேரத்தில் திகைத்துப்போவது வழக்கம். "இயேசுவை விசுவாசிக்கிறீர்களா?" என்று கேட்டால், "அவரே என் இரட்சகர்" என்று பதில் வரும். கிருபை? நம்புகிறோம். சிலுவை? நம்புகிறோம். உயிர்த்தெழுதல்? அதையும் நம்புகிறோம். எல்லாவற்றுக்கும் "ஆம்" என்கிறவரிடம் இனி எதைச் சொல்வது என்று தெரியாமல் சிலர் எழுந்துவிடுகிறார்கள். வேறு சிலர் எங்கோ கேட்ட ஒரு குற்றச்சாட்டைத் தூக்கிப் போட்டு, "நீங்கள் கிறிஸ்தவர்களே இல்லை" என்று தொடங்குகிறார்கள். அந்த நிமிடமே எதிரிலிருப்பவர் மனதைச் சாத்திக்கொள்கிறார்.

இரண்டு தோல்விக்கும் வேர் ஒன்றுதான். ஒரே சொல்லை இரு தரப்பும் வேறு வேறு பொருளில் பேசுவதை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே முதல் வேலை சொற்களைத் தெளிவாக்குவது. இரண்டாவது, கிறிஸ்து சிலுவையில் செய்து முடித்ததையும் அதனால் கிடைக்கும் பாவமன்னிப்பின் நிச்சயத்தையும் அவர் முன் வைப்பது. ஜோசப் ஸ்மித்தின் வரலாறு, பலதாரமணம் போன்றவை இவ்விரண்டுக்கும் பின்னால் நிற்கவேண்டியவை. வரிசையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பேசுமுன் படிக்கவேண்டியவை

அவர்களுடைய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் இதைத் தொடங்கினார். 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பகுதி மக்கள் பிரிகாம் யங்கின் தலைமையில் மேற்கே நடந்து, 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். இன்றும் தலைமையகம் சால்ட் லேக் சிட்டிதான். இந்தத் துன்பப் பயணம் அவர்களுடைய குடும்ப நினைவில் ஆழமாக இருக்கிறது. தங்கள் விசுவாசத்தைக் குறைசொல்கிறவரைப் பார்த்ததும் பழைய துரத்தல்கள் நினைவுக்கு வருவது இயல்பு.

2018-இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், "மார்மன்" என்ற பட்டப்பெயரை விட்டுச் சபையின் முழுப்பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். ஆகவே நேரில் பேசும்போது "உங்கள் சபை", "பிற்காலப் பரிசுத்தவான்கள்" என்று சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் வாசகருக்குப் பழகிய சொல் என்பதால்தான் மார்மன் என்று எழுதுகிறோம். பலதாரமணத்தை இன்றும் கடைப்பிடிக்கும் சிறு குழுக்கள் வேறு. இந்தச் சபை வேறு. 1890-இல் வில்போர்ட் உட்ரஃப் வெளியிட்ட அறிக்கையோடு இச்சபை அந்தப் பழக்கத்தைக் கைவிடத் தொடங்கியது. இன்று அப்படி மணம் செய்கிறவரைச் சபையைவிட்டு நீக்கிவிடும். இதைக் குழப்பிப் பேசினால், நீங்கள் எதையும் படிக்காமல் வந்திருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

அவர்களுக்கு வேதம் நான்கு: பைபிள், மார்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையுயர்ந்த முத்து. முழுவதையும் படித்துவிட்டுத்தான் பேசவேண்டும் என்றில்லை. ஆனால் சில பகுதிகளைக் கட்டாயம் படியுங்கள். மார்மன் புத்தகத்தில் 2 நேபி 25, ஆல்மா 11, மரோனி 8, மரோனி 10. கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலில் 1, 58, 76, 82, 130-ஆம் பகுதிகள். விலையுயர்ந்த முத்துவில் ஜோசப் ஸ்மித்தின் வரலாறும் விசுவாசப் பிரமாணங்கள் 13-உம். எல்லாம் அவர்களுடைய சபை இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. ஒருவாரம் மாலை வேளைகளில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். வசனங்களை முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள். எதிர்ப்பு நூலில் வெட்டி ஒட்டியிருக்கும் ஒற்றை வரியை மட்டும் தெரிந்துகொண்டு போனால், "அடுத்த வசனத்தைப் படித்தீர்களா?" என்ற ஒரே கேள்வியில் உங்கள் பேச்சு நின்றுவிடும்.

ஒரே சொல், இரண்டு பொருள்

இரட்சிப்பு என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். நம் பேச்சில் இரட்சிக்கப்படுவது என்றால் பாவம் மன்னிக்கப்பட்டு, தேவனோடு ஒப்புரவாகி, என்றென்றைக்கும் அவரோடு இருப்பது. அவர்கள் பேச்சில் இந்தச் சொல்லுக்குப் பல தட்டுகள் உண்டு. கிறிஸ்துவின் பிராயச்சித்தத்தால் எல்லா மனிதரும் உயிர்த்தெழுவார்கள், அதுவும் இரட்சிப்புதான். அதற்குமேல் கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 76-ஆம் பகுதி சொல்லும் மூன்று மகிமைகள் இருக்கின்றன: சிலஸ்டியல், டெரஸ்ட்ரியல், டெலஸ்டியல். மிக மோசமானவர்களிலும் பெரும்பாலோர் ஏதோ ஒரு மகிமையில் சேருவார்கள். பிதாவின் முழு சமுகத்தில் வாழ்வது சிலஸ்டியலில் மட்டும். அதற்குள்ளும் மிக உயர்ந்த நிலைதான் மேன்மைப்படுதல். "நித்தியஜீவன்" என்று அவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு ஞானஸ்நானம், ஆலய உடன்படிக்கைகள், நித்திய திருமண முத்திரிப்பு, முடிவுவரை நிலைத்திருத்தல் எல்லாம் வேண்டும்.

இது தெரியாமல், "இன்றிரவு மரித்தால் பரலோகம் போவீர்களா?" என்று கேட்டால் அவர் தயங்காமல் "போவேன்" என்பார். கேள்வி வீணாகிவிடும். அதையே, "இன்றிரவு மரித்தால், சிலஸ்டியல் ராஜ்யத்தில் பரலோகப் பிதாவோடு என்றைக்கும் இருப்பேன் என்ற நிச்சயம் உங்களுக்கு உண்டா?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் வர நேரமாகும். "அப்படி ஆசைப்படுகிறேன்", "என்னால் முடிந்ததைச் செய்கிறேன்" என்று வரலாம். அந்த இடைவெளியில்தான் சுவிசேஷத்துக்கு வழி இருக்கிறது. அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

தேவன் என்ற சொல்லும் அப்படியே. பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டு என்கிறது கோட்பாடும் உடன்படிக்கைகளும் 130:22. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றான மூன்று தனித் தெய்வங்கள் என்பது அவர்கள் போதனை. மனிதர் பிறக்குமுன் பரலோகப் பெற்றோரின் ஆவிப்பிள்ளைகளாக இருந்தார்கள் என்றும், இயேசு அவர்களில் முதற்பேறானவர் என்றும் நம்புகிறார்கள். சுவிசேஷம் என்ற சொல்லுக்குள் இழந்துபோன சபையை ஜோசப் ஸ்மித் மூலம் தேவன் திரும்பக் கட்டினார் என்ற செய்தியும் அடங்கும். ஆசாரியத்துவம் என்றால் ஆரோனிய, மெல்கிசேதேக்கிய என்ற இரண்டு அதிகாரங்கள். சபையின் ஆண்கள் பெறுவது.

இதையெல்லாம் நீங்கள் அவருக்குப் பாடமாக எடுக்கக்கூடாது. "நீங்கள் நம்புவது இதுதான்" என்று அவருடைய விசுவாசத்தை அவருக்கே சொல்வது பேச்சைக் கெடுக்கும் பழக்கங்களில் முதலாவது. "கிருபை என்று சொன்னீர்களே, உங்கள் சபையில் அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேளுங்கள். "ஆம்" என்ற பிறகுதான் உங்கள் பொருளைச் சொல்லவேண்டும். சபைத் தலைவர்கள் எப்போதோ சொன்ன எல்லாவற்றையும் எல்லா மார்மன்களும் நம்புவதில்லை. எதிரிலிருப்பவர் எதை நம்புகிறார் என்பதே உங்களுக்கு வேண்டியது.

வாசலில் இருவர் வந்தால்

வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டு பேர்: அவர்கள் சபை அனுப்பும் ஊழியக்காரர்கள். ஆண்கள் 24 மாதமும் பெண்கள் 18 மாதமும் ஊழியம் செய்கிறார்கள். பெரும்பாலோர் இருபது வயதைச் சுற்றியவர்கள். செலவில் பெரும்பங்கு அவர்களோ குடும்பத்தாரோ போட்டதுதான். வீட்டைவிட்டு வெகுதூரம் வந்து, நாள்முழுதும் கதவுகள் சாத்தப்படுவதைப் பார்க்கிறவர்கள். முதலில் உட்காரவைத்துக் குடிக்க ஏதாவது கொடுங்கள். டீ, காபி வேண்டாம். 1833-இல் வந்த ஞான வார்த்தை என்ற கட்டளைப்படி மதுவும் புகையிலையும் போலவே அவற்றையும் தொடமாட்டார்கள். தண்ணீர், பால், பழச்சாறு போதும். எதிர்பாலினத்தவர் ஒருவரோடு மட்டும் வீட்டுக்குள் இருக்க அவர்களுக்கு அனுமதியில்லை. ஆகவே உங்கள் வீட்டில் இன்னொருவரும் இருக்கும் நேரத்தைக் குறித்துக்கொடுங்கள்.

தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "நான் சபை மாறும் எண்ணத்தில் இல்லை. கிறிஸ்துவைப் பற்றி இருதரப்பும் பேசலாம் என்றால் மகிழ்ச்சி." ஆர்வம் இருப்பதுபோல் நடித்து நாலு சந்திப்பு கடத்திவிட்டு, ஐந்தாவதில் வேதாகமத்தை உருவி எடுப்பது வஞ்சகம். சுவிசேஷத்துக்கு அது அவமானம்.

ஒரு சந்திப்புக்கு ஒரு மணி நேரம் போதும். பாதி நேரம் அவர்கள் பேசட்டும், குறுக்கிடவேண்டாம். மறுபாதி உங்களுக்கு. தலைப்பு ஒன்றே ஒன்று. கிருபையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மரித்தவர்களுக்கான ஞானஸ்நானம் வந்தால், "அது நல்ல கேள்வி, எழுதிவைத்து அடுத்தமுறை பேசுவோம்" என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்புக்குத் தலைப்பு தாவினால் இரு தரப்பும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு எழுந்துபோவார்கள்.

இருவரில் ஒருவர் அனுபவசாலியாக இருந்து பேச்சை நடத்துவார். மற்றவர் மௌனமாக இருக்கலாம். மௌனமாயிருப்பவர்தான் சில நேரம் ஆழமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவரை மற்றவர் முன்னால் மடக்காதீர்கள். தோழருக்கு முன்னால் தோற்க யாருக்கும் மனம் வராது. சில வாரங்களிலோ மாதங்களிலோ வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுவிடுவார்கள். ஆகவே முதல் சந்திப்பிலேயே கிருபையின் செய்தி முழுதாக அவர்கள் காதில் விழுந்திருக்கவேண்டும். மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

கிருபை: பேச்சின் நடுத்தூண்

இங்கேதான் நேரத்தைச் செலவிடவேண்டும். வித்தியாசம் மிகப் பெரியது, அதைச் சொல்வதற்குத் தாக்குதலும் தேவையில்லை.

ஞாயிறு ஆராதனை நடக்கும் கட்டடம் வேறு, உடன்படிக்கைச் சடங்குகள் நடக்கும் ஆலயம் வேறு. அந்த ஆலயத்துக்குள் நுழைய ஒரு மார்மனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு இரண்டு நேர்காணல்: ஒன்று உள்ளூர் சபையான வார்டின் பிஷப்போடு அல்லது அவரது உதவியாளரோடு, மற்றொன்று பல வார்டுகள் சேர்ந்த ஸ்டேக்கின் தலைமையில் ஒருவரோடு. தசமபாகம் முழுமையாகக் கொடுக்கிறீர்களா, ஞான வார்த்தையைக் கைக்கொள்கிறீர்களா, கற்பு, நேர்மை என்று கேள்விகள் போகும். கடைசிக் கேள்வி, ஆண்டவரின் வீட்டில் பிரவேசிக்க உங்களைப் பாத்திரர் என்று எண்ணுகிறீர்களா என்பது. சீட்டு இரண்டு வருடம் செல்லும். மனசாட்சியுள்ள ஒரு மார்மன் இந்தக் கடைசிக் கேள்வியை வாழ்நாள் முழுதும் சுமக்கிறார். வெளியே சிரித்த முகமும் ஒழுங்கான குடும்பமும் இருக்கும். உள்ளே "நான் போதுமானவனா?" என்ற கேள்வி ஓயாது.

இதற்குப் பொருத்தமான வேதபகுதி லூக்கா 7:1-10. நூற்றுக்கதிபதிக்காகப் பேசவந்த யூதரின் மூப்பர்கள், அவன் ஜெபஆலயம் கட்டிக்கொடுத்ததைச் சொல்லி, அவன் "பாத்திரனாயிருக்கிறான்" என்கிறார்கள். அவனோ, "நீர் என் வீட்டு வாசலுக்குள் பிரவேசிக்க நான் பாத்திரன் அல்ல" என்று ஆள் அனுப்புகிறான். ஊர் கொடுத்த சான்றிதழ் ஒன்று. அவன் தன்னைப் பற்றிச் சொன்னது அதற்கு நேர் எதிர். இயேசு யாருடைய விசுவாசத்தைப் புகழ்ந்தார்? சேர்ந்து வாசித்துவிட்டு இந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள். ஆலயச் சீட்டைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவேண்டியதில்லை. "பாத்திரன்" என்ற சொல் அவர் காதில் தானாகவே ஒலிக்கும்.

பிறகு அவருடைய புத்தகத்தையே திறக்கச் சொல்லுங்கள். சத்தமாக அவரே வாசிக்கட்டும். 2 நேபி 25:23, நாம் செய்யக்கூடியதையெல்லாம் செய்தபின் கிருபையினால் இரட்சிக்கப்படுகிறோம் என்கிறது. மரோனி 10:32, எல்லா அவபக்தியையும் விலக்கி முழுப் பெலத்தோடும் தேவனை நேசித்தால் அப்போது அவர் கிருபை போதுமானது என்கிறது. "நீங்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டீர்களா?" என்று மென்மையாகக் கேளுங்கள். குரலில் வழக்கறிஞர் தொனி வந்தால் காரியம் கெட்டது. மருத்துவர் நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பதுபோல் இருக்கவேண்டும்.

அவர் சொல்லக்கூடிய பதில்கள் மூன்று. "நான் தவறினாலும் மனந்திரும்பலாமே" என்பது முதலாவது. அப்போது கோட்பாடும் உடன்படிக்கைகளும் 58:43-ஐப் பாருங்கள்: மனந்திரும்பியவன் பாவத்தை அறிக்கையிட்டு விட்டுவிடுவான் என்கிறது. 82:7, மீண்டும் பாவம் செய்கிறவனுக்கு முந்தின பாவங்கள் திரும்பிவரும் என்கிறது. "ஒரே பாவத்தை இரண்டாம் முறை செய்தது உண்டா?" என்ற கேள்வி எல்லா மனிதரையும் தொடும், நம்மையும் சேர்த்து. அதைச் சொல்லுங்கள்: "எனக்கும் உண்டு." இரண்டாவது பதில், "செய்தபின் என்றால், என்னதான் செய்தாலும் கடைசியில் கிருபைதான் என்று அர்த்தம்" என்பது. அண்மைக்காலத்தில் அவர்களுடைய தலைவர்கள் சிலரும் கிருபையை அழுத்திப் பேசியிருக்கிறார்கள். இங்கே சண்டைபிடிக்காதீர்கள். "அப்படியானால் மகிழ்ச்சி. அந்தக் கிருபையின்மேல் சாய்ந்து, பிதாவின் சமுகத்தில் இருப்பேன் என்று இன்றே நிச்சயமாய்ச் சொல்லமுடியுமா?" என்று அதே திசையில் கூட நடங்கள். மூன்றாவது, யாக்கோபு 2:26. கிரியையில்லாத விசுவாசம் செத்தது, உண்மை. எபேசியர் 2:8-9-ஐ 10-ஆம் வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். "இது தேவனுடைய ஈவு" என்ற பிறகே நற்கிரியை வருகிறது. வேரும் கனியும் இரண்டும் உண்டு, வரிசைதான் கேள்வி. கிருபை என்றால் இஷ்டப்படி பாவம் செய்யலாம் என்று நாம் போதிப்பதாக அவர்களில் பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை இங்கேயே நீக்கிவிடவேண்டும்.

அடுத்து ரோமர் 4:5. "ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்." ஜோசப் ஸ்மித் பைபிளைத் திருத்தி எழுதியபோது இந்த வசனத்தில் "அல்ல" என்ற பொருளைச் சேர்த்து, தேவன் பக்தியில்லாதவனை நீதிமானாக்குவதில்லை என்று மாற்றினார். நம்மிடமுள்ள பழைய கிரேக்கக் கைப்பிரதிகள் எதிலும் அந்த எதிர்மறைச் சொல் இல்லை. இரண்டு சுவிசேஷங்களுக்கும் இடையிலுள்ள தூரம் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. பாவி பாவியாயிருக்கும்போதே தேவன் அவனை நீதிமான் என்று தீர்க்கிறாரா, அல்லது நீதிமானாக மாறியபிறகு அப்படித் தீர்க்கிறாரா? லூக்கா 18:9-14-இல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனது எப்போது? அன்றே.

முடிவாக எபிரெயர் 10:14. "பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ஒரே பலியினாலே இவர் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்." பூரணம் என்பது மார்மன் காதுக்கு மிகவும் பழகிய சொல். மத்தேயு 5:48-இல் அது கட்டளை. இங்கே அது கொடுக்கப்பட்டுவிட்ட பரிசு. இந்த வசனத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய்த் தனியாகப் படிக்கட்டும்.

"ஜெபித்துப் பாருங்கள், தெரியும்"

பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரு கட்டத்தில் இங்கே வரும். மரோனி 10:4-ன்படி, மார்மன் புத்தகம் உண்மையா என்று தேவனிடம் கேட்டால் பரிசுத்த ஆவி அதை வெளிப்படுத்துவார் என்பார்கள். கூடவே யாக்கோபு 1:5. ஜெபத்தில் நெஞ்சுக்குள் எழும் அனலைக் கோட்பாடும் உடன்படிக்கைகளும் 9:8 அடையாளமாகச் சொல்கிறது. பிறகு அவர் தன் சாட்சியைச் சொல்வார்: "இது உண்மை என்று எனக்குத் தெரியும்."

அந்தச் சாட்சியைக் கேலி செய்யவேண்டாம். சாத்தானின் வஞ்சகம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டாம். நமக்கும் சாட்சி உண்டு. உணர்வே பொய் என்று நாம் வாதிட்டால் அந்தக் கத்தி நம் பக்கமும் திரும்பும். இப்படிச் சொல்லலாம்: "நான் ஞானத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் தேவன் ஏற்கெனவே பேசிய காரியத்தை அவர் வார்த்தையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேதம் சொல்கிறது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களில் தினந்தோறும் ஆராய்ந்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). எரேமியா 17:9 என் இருதயத்தை நம்பாதே என்கிறது." யாக்கோபு 1-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்தால், சோதனையில் நிலைத்திருக்க ஞானம் கேட்கும் இடம் அது என்று தெரியும். "ஜெபிக்கமாட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் நீங்கள் உண்மைக்குப் பயப்படுவதாக அவர் நினைப்பார். காரணத்தையும் சொல்லுங்கள்.

பதிலுக்கு நீங்களும் ஓர் அழைப்பு கொடுங்கள். ரோமர் 3 முதல் 5 வரை, அல்லது கலாத்தியர் முழுவதும், அடுத்த சந்திப்புக்குள் ஒரே மூச்சில் வாசிக்கட்டும். அவர்களுடைய பாடத்திட்டத்தில் வசனங்கள் தனித்தனியாக வருவதுண்டு. ஒரு நிருபத்தை ஒரே இருப்பில் வாசித்த அனுபவம் சிலருக்கு இருக்காது. பைபிளைப் பற்றி எட்டாவது விசுவாசப் பிரமாணம், சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்கு அது தேவவசனம் என்கிறது. "இந்த இடம் தவறாக மொழிபெயர்த்தது" என்று அவர் சொன்னால், "எந்தக் கைப்பிரதியில் வேறுவிதமாக இருக்கிறது?" என்று அமைதியாகக் கேளுங்கள். 1947-இல் கும்ரான் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையது. ஆனாலும் ஏசாயாவின் செய்தி மாறவில்லை.

தேவன் ஒருவரே என்பதைப் பற்றி

இதைத் தொடுமுன் உங்கள் திரித்துவப் போதனையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிதாவும் குமாரனும் ஒரே ஆள், வேடம்தான் வேறு என்று நாம் நம்புவதாக மார்மன்கள் நினைப்பது மிகச் சாதாரணம். அதனால்தான் இயேசுவின் ஞானஸ்நானத்தைக் காட்டி, "தமக்குத்தாமே பேசிக்கொண்டாரா?" என்று கேட்கிறார்கள். நாமோ தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உவமையைச் சொல்லி அந்தத் தவறான எண்ணத்துக்கே முத்திரை குத்துகிறோம். அந்த உவமையை விட்டுவிடுங்கள். "பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவியானவர் அல்ல, மூன்று ஆள்தத்துவங்கள், ஆனால் தேவன் ஒருவரே. யோர்தானில் மூவரும் தனித்தனியாகத் தெரிவதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்" என்று சொன்னால் பலர் வியப்படைவார்கள்.

பிறகு ஏசாயா 43:10, "எனக்குமுன் ஏற்பட்ட தேவன் இல்லை, எனக்குப்பின் இருப்பதும் இல்லை." கூடவே 44:6-8. 1844 ஏப்ரலில் ஜோசப் ஸ்மித் ஓர் அடக்கப் பிரசங்கத்தில் தேவன் ஒருகாலத்தில் மனிதனாயிருந்தார் என்று போதித்தார். அவர்களுடைய மரோனி 8:18-ஓ, தேவன் நித்தியம் முதல் நித்தியம் வரை மாறாதவர் என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, "இவை எப்படி ஒத்துப்போகின்றன?" என்று கேளுங்கள். "ஏசாயா விக்கிரகங்களைப் பற்றித்தான் பேசுகிறார்" என்ற பதில் வரும். 44:8-இல் "ஒருவனையும் அறியேன்" என்று பேசுகிறவர் எல்லாம் அறிந்த தேவன் என்பதைக் காட்டி அங்கே நிறுத்துங்கள்.

அவர்கள் காட்டும் வேறு சில வசனங்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1 கொரிந்தியர் 15:40 உயிர்த்தெழுந்த சரீரத்தைப் பற்றியது; மூன்று பரலோகங்களை அது வகுக்கவில்லை. 15:29-இல் மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பவுல் "அவர்கள்" என்று தள்ளிநின்றே பேசுகிறார், கட்டளையாகத் தரவில்லை. எசேக்கியேல் 37-இன் இரண்டு கோல்களைப் பைபிளும் மார்மன் புத்தகமும் என்பார்கள்; அவை இரண்டு ராஜ்யங்கள் என்று 22-ஆம் வசனமே விளக்குகிறது. யோவான் 10:16-இன் வேறே ஆடுகள் அமெரிக்காவில் வாழ்ந்த மக்கள் என்பார்கள்; அவர்கள் புறஜாதியார்.

நாம் கைவிடவேண்டிய வாதம் ஒன்றும் உண்டு. வெளிப்படுத்தல் 22:18-ஐக் காட்டி, "இதற்குமேல் எதையும் கூட்டக்கூடாது" என்பது. உபாகமம் 4:2-உம் அதையே சொல்கிறதே, அதன்பின் வந்த புத்தகங்கள் என்ன ஆவது என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

வரலாற்றை எப்போது எடுப்பது?

அவர் கேட்கும்வரை எடுக்காமலிருப்பதே நல்லது. விலையுயர்ந்த முத்துவிலுள்ள ஆபிரகாம் புத்தகத்தின் பாப்பிரஸ் தாள்கள், ஜோசப் ஸ்மித்தின் மனைவிகள், பிதாவையும் குமாரனையும் கண்டதாகச் சொன்ன முதல் தரிசனத்தை அவர் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறுவிதமாக விவரித்தது, 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது. எல்லாம் உண்மையான கேள்விகள். ஆனால் இவற்றால் மட்டும் விசுவாசம் உடைந்தவர், "இத்தனை காலம் ஏமாந்தேன், இனி எந்தப் புத்தகத்தையும் நம்பமாட்டேன்" என்று பைபிளையும் சேர்த்தே தூக்கிப்போடுவது அடிக்கடி நடக்கிறது. ஜோசப் ஸ்மித்தை இழந்தவர் கிறிஸ்துவையும் இழந்து நிற்கிறார். அவர் விழுமுன் பிடித்துக்கொள்ள ஒரு கரம் தெரிந்திருக்கவேண்டும். கிருபையை முதலில் வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

அவரே கேட்டால், சபை தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் வரலாற்றுக் கட்டுரைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பாளர்களின் நூல் என்றால் மூடிவைத்துவிடுவார். சொந்தச் சபையின் எழுத்தைத் தள்ளமுடியாது.

ஆலயச் சடங்குகளையும் ஆலய உடன்படிக்கையின் அடையாளமாக அவர்கள் அணியும் உள்ளாடையையும் பற்றி ஒருபோதும் பேசவேண்டாம். அவருக்கு அது பரிசுத்தம். கேலி செய்தவர் சொல்லும் கிருபையை யாரும் கேட்கமாட்டார்கள்.

நெருங்கி வருகிறவருக்கு

விலகி வருவதன் விலை நமக்கு எளிதில் புரியாது. குடும்பங்கள் நித்தியத்துக்கும் சேர்ந்திருக்கும் என்று ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட வீட்டில் ஒருவர் விலகினால், பரலோகத்தில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டதாகத் தாய் அழுவார். பிள்ளையின் ஆலயத் திருமணத்தை உள்ளே நின்று பார்க்கமுடியாது. சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மார்மன் மாணவருக்குப் பிஷப்பின் பரிந்துரை இல்லாமல் படிப்பைத் தொடரமுடியாது. ஆகவே முடிவெடுக்க மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். கணவனோ மனைவியோ மட்டும் விசுவாசத்துக்கு வந்தால், துணையிடம் மறைக்காமல், சண்டையும் போடாமல் இருக்கச் சொல்லிக்கொடுங்கள். 1 பேதுரு 3-ஐச் சேர்ந்து வாசியுங்கள்.

உங்கள் சபைக்கு அழைத்துவருமுன், என்ன பார்ப்பார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களுடைய ஆராதனை அடக்கமானது. உரத்த இசையும் கைதட்டலும் பயபக்தியில்லாததுபோல் தோன்றும். அவர்கள் கட்டடங்களில் பொதுவாகச் சிலுவை இருக்காது. பிஷப்புகள் சம்பளம் வாங்குவதில்லை. போதகருக்குச் சம்பளம் என்றதும் நெற்றி சுருங்கும், 1 கொரிந்தியர் 9:14-ஐத் தயாராக வைத்திருங்கள். இராப்போஜனத்தில் அவர்கள் பயன்படுத்துவது அப்பமும் தண்ணீரும். திராட்சரசம் அவருக்குப் புதிது. பிதாவை நோக்கி மட்டுமே ஜெபித்துப் பழகியவர், "இயேசுவே" என்று ஜெபிப்பதைக் கேட்டால் திடுக்கிடலாம். ஸ்தேவான் கடைசியாக யாரை நோக்கி ஜெபித்தான் என்று அப்போஸ்தலர் 7:59-ஐக் காட்டுங்கள். ஓர் எச்சரிக்கை: உங்கள் சபையார் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கத் துடிப்பார்கள். ஒரு வருடமாவது அனுமதிக்காதீர்கள். அவருடைய தாய் அதைக் காணொளியில் பார்க்க நேரும்.

வெற்றிடம் ஒன்றும் உருவாகும். வார்டில் அவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. வீடு மாறினால் சாமான் தூக்க ஆள் வந்தார்கள், குழந்தை பிறந்தால் சாப்பாடு வந்தது. ஞாயிறு இரண்டு மணிநேரம் மட்டும் கைகுலுக்கும் சபையில் அவர் தனிமையில் வாடிவிடுவார். இரண்டு குடும்பங்கள் பொறுப்பெடுத்து வாரம் ஒருமுறை சாப்பாட்டுக்கு அழைக்கட்டும். பழைய பழக்கத்தில் அவர் எல்லா வேலைக்கும் கைதூக்குவார். மறுத்தால் குற்றவுணர்வு வரும். முதல் ஆறு மாதம் எந்தப் பொறுப்பும் கொடுக்காமல், சும்மா உட்கார்ந்து வசனம் கேட்கவிடுங்கள். ரோமரும் எபிரெயரும் முதலில்.

ஞானஸ்நானத்தை அவசரப்படுத்தவேண்டாம். எட்டு வயதில் பெற்றது ஏன் போதாது என்று அவர் கேட்பார். எந்தத் தேவனுடைய நாமத்தில், எந்தச் சுவிசேஷத்தை விசுவாசித்து என்ற கேள்விகளுக்கு அவரே வேதத்திலிருந்து பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பழைய சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க, சபைத் தலைமையகத்துக்கோ பிஷப்புக்கோ எழுதிக் கேட்கலாம். எழுதுமுன் துணைக்கும் பெற்றோருக்கும் அவர் நேரில் சொல்லியிருக்கவேண்டும். கடிதத்தின் நாளை அவரே தீர்மானிக்கட்டும்.